குவாரிக்குப் பக்கத்தில் கிணறு வற்றுகிறது: ஆழப்படுத்தலாமா?

கேள்வி: குமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் 500 ஏத்தன் (நேந்திரன்) வாழை நிற்கிறது, நட்டு ஆறு மாதம். 4 மீட்டர் விட்டமுள்ள கிணற்றிலிருந்து சொட்டுநீர்ப் பாசனம். கூப்பிடு தூரத்தில் கல் குவாரியும் கிரஷரும் இருக்கின்றன. மாசி பிறந்ததிலிருந்து ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினாலே கிணறு வற்றிவிடுகிறது. பக்கத்து ஓடையிலும் சாம்பல் நிறக் கலங்கல். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கழுவ எடுக்கும் தண்ணீர்தான் காரணமா? கிணற்றை ஆழப்படுத்தலாமா?

பதில்: ஆழப்படுத்தும் வேலையை இப்போது தொடாதீர்கள்.

மணல் கழுவிய தண்ணீரைத் தொட்டியில் தெளியவிட்டுத் திரும்பப் பயன்படுத்தினால், ஈர மணலோடு போவதும் ஆவியாவதும்தான் நட்டம். சந்தேகப்பட வேண்டியது குவாரிக் குழியிலிருந்து இறைத்து வெளியேற்றும் தண்ணீரை. நம் பகுதிக் கெட்டிப் பாறையில் தண்ணீர் நிற்பது மேலே உள்ள சிதைந்த பாறையிலும் அதற்குக் கீழே ஓடும் வெடிப்புகளிலும் மட்டுமே. உங்கள் ஊற்றுக்கண்ணுக்கு வரும் வெடிப்பையே குழியும் வெட்டியிருந்து, அதன் தரை உங்கள் கிணற்றுத் தரைக்கும் கீழே இருந்தால், அங்கே பம்பு ஓட ஓட ஊற்று அந்தப் பக்கம் திரும்பிவிடும். அப்படியானால் நீங்கள் பத்து அடி தோண்டினாலும், குவாரிக்காரர்கள் குழியை இன்னும் ஒரு தட்டு ஆழமாக்கும் வரைதான் அது உதவும்.

ஆனால் மாசி, பங்குனியில் கிணறு இறங்குவது குமரியில் வழக்கம்தான், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை வரும்வரை அப்படித்தான் இருக்கும். ஆகவே பழி சொல்லும் முன் அளந்து பாருங்கள். கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் பெயின்ட் அடையாளம் போட்டு, கல் கட்டிய டேப்பை அங்கிருந்தே இறக்கி, விடிகாலையில் மோட்டார் போடும் முன் நீர்மட்டத்தைக் குறியுங்கள். நான்கு வாரம் தினமும். குவாரி பம்பு ஓடாத நாள்களையும் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் இறைப்பும் மழையும் ஒரே மாதிரி இருக்க, அந்த விடுமுறைக்கு மறுநாள் காலையில் மட்டும் மட்டம் திரும்பத் திரும்ப ஏறியிருந்தால் தொடர்பு இருக்கிறது என்று கொள்ளலாம். ஒரே ஒரு திங்கட்கிழமையை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

ஊறும் வேகத்தையும் பாருங்கள். இறைத்து நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு ஏறுகிறது? 4 மீட்டர் விட்டக் கிணற்றில் 10 செ.மீ. ஏற்றம் என்றால் சுமார் 1,250 லிட்டர். ஐந்தாம் மாதம் முதல் குலை தள்ளும் வரை வாழைக்குச் சொட்டுநீரில் நாளுக்கு 20 லிட்டர் வேண்டும். 500 வாழைக்கு 10,000 லிட்டர். மணிக்கு 10 செ.மீ. ஏறினாலே எட்டு மணி நேர ஊறலில் அது சேர்ந்துவிடும் (மட்டம் ஏற ஏற ஊறல் மெல்லக் குறையும், அதற்கும் இடம் விடுங்கள்). எனவே ஒரே மூச்சில் வற்ற இறைக்காமல் காலை, மாலை என இரண்டாகப் பிரியுங்கள். மூட்டில் சருகு மூடாக்கு போடுங்கள். குலை தள்ளியபின் தேவை 25 லிட்டராகும், அதைத் தாங்குமா என்று இப்போதே கணக்குப் பாருங்கள்.

கலங்கல் வேறு பிரச்சினை. ஓடை நீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். அடியில் சாம்பல் நிற மாவு படிந்தால் அது கல்பொடி. அதை வாழைக்குப் பாய்ச்சாதீர்கள்: மண்ணின் மேல் ஏடு கட்டிக் காற்றோட்டத்தைத் தடுக்கும், சொட்டுவானையும் அடைக்கும். வேறு வழியில்லை என்றால் தொட்டியில் ஒரு நாள் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் வடிகட்டி வழியே எடுங்கள். வடிகட்டியைத் தினமும் கழுவுங்கள்.

பாட்டிலைத் தேதி எழுதி வைத்து, கலங்கலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் செய்யுங்கள். நீர்மட்டக் குறிப்பை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, கனிமவளத் துறை குழியை அளக்கும்படி கேளுங்கள். 2012 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். அந்த அனுமதியில் எவ்வளவு ஆழம் குறித்திருக்கிறது, நிலத்தடி நீரைத் தொட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது என்ற இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.