அமோஸ் அலோன்சோ ஸ்டாக் ஃபுட்பால் பயிற்சியாளரா, கூடைப்பந்துப் பயிற்சியாளரா? இரண்டு ஆட்டங்களின் ஹால் ஆஃப் ஃபேமிலும் (சாதனையாளர் கௌரவப் பட்டியல்) அவர் பெயர் இருக்கிறதே?

முதலில் ஃபுட்பால்தான். அதாவது முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். நம்மூர் கால்பந்து இல்லை.

1892-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அவரை எடுத்தது வெறும் கோச்சாக அல்ல. உடற்கல்வித் துறையின் பொறுப்பும் இணைப் பேராசிரியர் பதவியும் சேர்த்தே கொடுத்தது. இலையுதிர் காலத்தில் ஃபுட்பால், குளிரில் கூடைப்பந்து, வசந்தத்தில் பேஸ்பாலும் தடகளமும் என்று எல்லாமே அந்த ஒரே துறைக்குள் அடக்கம். முதல் ஆண்டு ஆள் பற்றாமல் அவரே களத்தில் இறங்கி ஆடினார்.

அவர் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு விதி தெரிந்தால் போதும். அன்று ஆட்டம் நடக்கும்போது ஓரக்கோட்டிலிருந்து கோச் யோசனை சொல்லக் கூடாது. எந்த நகர்வு என்பதைக் களத்தில் இருப்பவன்தான் முடிவெடுக்க வேண்டும். எனவே கோச்சின் திறமை முழுக்க வார நாள் பயிற்சியில்தான். அதிலும் ஒரு சிக்கல்: பையன்கள் தினமும் ஒருவரையொருவர் டாக்கிள் செய்து, அதாவது பாய்ந்து பிடித்து வீழ்த்தி, பழகினால், சனிக்கிழமைக்குள் பாதிப் பேர் நொண்டுவார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தபோதே ஸ்டாக் இதற்கு வழி கண்டிருந்தார்: மெத்தையைச் சுருட்டிக் கட்டி, ஜிம்மில் தொங்கவிட்டு, அதன்மேல் பாயச் சொன்னார். இன்றைய டாக்கிளிங் டம்மிக்கு மூலம் அதுதான்.

1906-ல்தான் பந்தை முன்னோக்கி எறியும் பாஸுக்கு விதி அனுமதி தந்தது. உடனே எல்லோரும் எறியவில்லை, காரணம் இருந்தது: யார் கையும் படாமல் பந்து தரையில் விழுந்தால் அது எதிரணிக்குப் போய்விடும். பாஸ் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1905-ல், ஸ்டாக்கின் சிகாகோ அணி 2–0 என மிச்சிகன் பல்கலைக்கழகத்தை வென்று, அவர்களின் 56 ஆட்டத் தோல்வியில்லாத ஓட்டத்தை முடித்தது. அந்த 2 புள்ளியும் ஒரு சேஃப்டி: மிச்சிகன் வீரரை அவருடைய அணியின் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கியதற்குக் கிடைத்தது.

கூடைப்பந்தில் அவர் பங்கு சிறியது, ஆனால் தொடக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஆட்டத்தை உருவாக்கிய நெய்ஸ்மித், சிகாகோவுக்கு முன் ஸ்டாக் வேலை பார்த்த ஸ்பிரிங்ஃபீல்ட் YMCA பயிற்சிப் பள்ளியில் அவருடைய ஃபுட்பால் அணியில் ஆடியவர். 1892 மார்ச்சில் அங்கே நடந்த முதல் பொது ஆட்டத்தில் மாணவர்கள் 5–1 என ஆசிரியர்களை வென்றார்கள். ஆசிரியர் பக்கத்துக்கு அந்த ஒன்றைப் போட்டவர் ஸ்டாக். 1896 ஜனவரி 18-ல் சிகாகோ அணி அயோவா சிட்டியில் 15–12 என வென்றது. பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடிய முதல் கல்லூரி ஆட்டமாகப் பலரும் சொல்வது இதைத்தான். பிறகு 1917-ல் பள்ளிகளுக்கான தேசியப் போட்டியையும் சிகாகோவில் தொடங்கினார். 1959-ல் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேமின் முதல் தொகுதியில் அவர் சேர்க்கப்பட்டது இந்தப் பணிகளுக்காகவே என்பது என் கணிப்பு; வெற்றிக் கணக்கை வைத்து அல்ல.

வெற்றிக் கணக்கு ஃபுட்பாலில் இருக்கிறது: 57 சீசன், 314 வெற்றி. 70 வயதில் சிகாகோ ஓய்வு கொடுத்ததும் கலிஃபோர்னியா போய், பசிஃபிக் கல்லூரியில் இன்னும் 14 சீசன் நடத்தினார். 1943-ல், 81 வயதில், ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் வாங்கினார். 1981-ல்தான் அலபாமா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பேர் (Bear) பிரையன்ட் அந்த 314-ஐத் தாண்டினார்.