பிளேக் தடுப்பூசி: பரேலா, பைகுல்லாவா?

மாட்டுங்கா விநாடி வினாவில், பிளேக் தடுப்பூசி எந்த இடத்தில் என்ற கேள்விக்கு உங்கள் மகள் பைகுல்லா என்றார், நடுவர் பரேல் என்றார். மும்பையின் இந்த இரண்டு பகுதிகளில் விடை பைகுல்லாதான். அங்குள்ள கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சின்ன இடத்தில்தான் நுண்ணுயிரியலாளர் ஹாஃப்கின் அந்தத் தடுப்பூசியை உருவாக்கினார். 1897 ஜனவரி 10 அன்று முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். உங்கள் மகள் சொன்ன விடை சரி. மதிப்பெண்ணைத் தைரியமாகக் கேளுங்கள்.

நடுவர் பரேல் என்றதற்குக் காரணம் அங்குள்ள ஹாஃப்கின் நிறுவனத்தின் பெயராக இருக்கலாம். அவருடைய ஆய்வகம் பரேலில் உள்ள பழைய கவர்னர் மாளிகைக்கு மாறியது 1899-இல். அதற்கு அவர் பெயர் வைத்தது 1925-இல்.

கேள்வித்தாளை ஒருமுறை பாருங்கள். ‘முதலில் உருவான இடம்’ என்றிருந்தால் பைகுல்லா. ‘பிறகு பெருமளவில் தயாரித்த இடம்’ என்றிருந்தால் பரேல்தான் சரி.

அப்புறம், அவருடைய காலரா தடுப்பூசியை இதோடு சேர்த்துவிடாதீர்கள். அது 1892-இல், பாரிஸில்.