பேக்கை கடைசியா வாங்குங்க!
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அண்ணே, நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன், இப்பதான் ஒரு கிளினிக்ல வேலைக்கு சேர்ந்திருக்கேன். கூட்டாளிங்க எல்லாம் சேர்ந்து குனோங் கொர்பு ஏறப் போறோம், மூணு நாள் ரெண்டு ராத்திரி. பேக்குக்கு 200 வெள்ளிதான் ஒதுக்க முடியும். ஆன்லைன்ல 80 லிட்டர் பேக் 65 வெள்ளிக்கு போட்டிருக்கான். மாமா பையன் பெருசாவே வாங்கிக்கோ பின்னாடி உதவும்ங்கிறான், அம்மா உன் ஸ்கூல் பேக்குக்கு என்ன குறைச்சல்னு கேக்குறாங்க. எதை வாங்குறது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, அம்மா சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. காலையில ஏறி சாயந்திரம் இறங்கிடுற மலைன்னா ஸ்கூல் பேக்கே போதும். ஆனா கொர்பு 2183 மீட்டர், தீபகற்ப மலேசியாவுல குனோங் தஹான் மலைக்கு அடுத்த உயரம் அதான், தஹானை விட வெறும் 4 மீட்டர் கம்மி. காட்டுல ரெண்டு ராத்திரி தங்கணும், டெண்ட், ஸ்லீப்பிங் பேக், அரிசி, தண்ணின்னு சேர்ந்துச்சுன்னா ஸ்கூல் பேக் வார் தோளை அறுத்துடும். மாமா பையன் சொல்றதுதான் முழுத் தப்பு. 80 லிட்டர் இடம் இருந்தா 80 லிட்டருக்கும் சாமான் போடுவீங்க, எல்லாரும் அப்படித்தான் செய்யுறோம். டெண்டையும் சமையல் சட்டியையும் கூட்டாளிங்களோட பிரிச்சு தூக்குனா 40லேர்ந்து 50 லிட்டர் தாராளம்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க, பேக்கை கடைசியா வாங்குங்க. நிறைய பேரு முதல்ல பேக்கை வாங்கிட்டு அப்புறம்தான் உள்ள என்ன போடுறதுன்னு தேடுறாங்க. கொண்டு போகப் போறதை எல்லாம், இரவல் வாங்குனதையும் சேர்த்து, ஒரு அட்டைப் பெட்டியில போட்டுப் பாருங்க, அதுலயே எவ்வளவு பெரிய பேக் வேணும்னு கண்ணுக்கு தெரிஞ்சுடும். அப்படியே எடையும் போடுங்க. நம்ம உடம்பு எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல தூக்கக் கூடாதும்பாங்க, 50 கிலோ ஆளுக்கு 10 கிலோ, அதுல தண்ணியும் சேர்த்தி, ஒரு லிட்டர் ஒரு கிலோங்க! எடை தாண்டிடுச்சுன்னா சாமானை குறைங்க, பெரிய பேக்குக்கு ஓடாதீங்க.

இப்ப முதுகை அளக்கணும். உயரத்தை வச்சு பேக் வாங்குறது சரிப்படாது, அஞ்சடி ஆளுக்கு நீளமான முதுகும் இருக்கும், ஆறடி ஆளுக்கு குட்டை முதுகும் இருக்கும். தலையை குனிஞ்சா கழுத்துக்கு அடியில ஒரு எலும்பு புடைச்சுட்டு நிக்கும், அங்க ஆரம்பிங்க. ரெண்டு கையையும் இடுப்பெலும்பு மேல வச்சா கட்டை விரல் ரெண்டும் பின்னாடி ஒரே கோட்டுல நிக்கும், அதுவரைக்கும் தையல் டேப்பால அம்மாவை அளக்கச் சொல்லுங்க. 40லேர்ந்து 44 செண்டிமீட்டர்னா பெரும்பாலும் ஸ்மால், 45லேர்ந்து 49னா மீடியம், பிராண்டுக்கு பிராண்டு கொஞ்சம் மாறும். முதுகு நீளத்தை ஏத்தி இறக்குற மாதிரி பட்டை வச்ச பேக் கிடைச்சா இன்னும் நல்லது.

அந்த 65 வெள்ளி பேக்ல நீங்க பாக்க வேண்டியது இடுப்பு பெல்ட்டைத்தான். அந்த விலையில வர்றதுல பெரும்பாலும் உள்ள பஞ்சே இருக்காது, வெறும் நாடாதான், முதுகுப் பக்கம் நிமித்திப் பிடிக்க கம்பியோ பலகையோ கூட இருக்காது. நல்ல பேக்னா எடையில முக்கால்வாசி இடுப்பெலும்பு மேல உக்காரணும், தோள் வார் சாயாம பிடிச்சுக்க மட்டும்தான். அதனால உங்க 200 வெள்ளியும் அந்த பெல்ட்டுக்கும் முதுகுப் பக்கத்துக்கும்தான்னு நினைச்சுக்குங்க. எக்ஸ்ட்ரா பாக்கெட், பளபளா கலர், விசில் எல்லாம் வரட்டும், ஆனா அதுக்காக காசு கொடுக்காதீங்க. டெக்கத்லான் மாதிரி கடையில சொந்த பிராண்டு பேக் இருக்கு, போட்டுப் பாக்க விடுவாங்க, போறப்ப 5 கிலோ அரிசி பாக்கெட்டும் பெரிய தண்ணி போத்தல் ரெண்டும் எடுத்துட்டுப் போங்க, கடைக்காரன் ஒரு மாதிரி பாப்பான், பாக்கட்டும். எடையை உள்ள வச்சு இடுப்பு பெல்ட்டை இறுக்கிட்டு தோள் வாரை தளர்த்துங்க, பேக் கீழ சறுக்கலைன்னா பெல்ட்டு உங்களுக்கு சேருது. கால் மணி நேரமாவது அப்படியே நடங்க. ஆன்லைன்ல வாங்கணும்னா கடையில போட்டுப் பாத்த அதே மாடலை 11.11, 12.12 சேல்ல (நவம்பர் 11, டிசம்பர் 12) தேடுங்க. ஒரே ஒரு மலைதான், அப்புறம் ஏறுவேனான்னு தெரியலைன்னா கூட்டிட்டுப் போற மலிம் குனோங் (மலை வழிகாட்டி) கிட்ட பேக் வாடகைக்கு இருக்கான்னு கேளுங்க, 200 வெள்ளி கைல நிக்கும்.

கேள்வி: பண்டில் கடையில, அதான் பழைய சாமான் விக்கிற கடையில, நல்ல பிராண்டு பேக் ஒண்ணு பாத்தேன், விலை ரொம்ப மலிவு, ஆனா உள்ள கை விட்டா பிசுபிசுன்னு ஒட்டுது. கழுவுனா போயிடுமா?
– வாசகர், பீடோர்

பதில்: போகாது தம்பி, வச்சுட்டு வந்துடுங்க. அது அழுக்கு இல்ல, தண்ணி உள்ள இறங்காம இருக்க துணிக்கு உள்பக்கம் பூசியிருக்குற பாலியூரித்தேன் பூச்சு. பல வருஷம் ஈரக் காத்துல கிடந்தா அது சிதைஞ்சு ஒட்ட ஆரம்பிக்கும், அப்புறம் செதில் செதிலா உதிரும், வாந்தி வாடை கூட வரும். நம்ம ஊர் புழுக்கத்துக்கு இது சகஜம். பண்டிலே வேணாம்னு சொல்லல, நானே பண்டில் பைத்தியம்தான். உள்ள கை விட்டுப் பாருங்க, மோந்து பாருங்க, தோள் வார் பஞ்சை அமுக்குனா திரும்ப எழும்புதா, ஜிப் முழுசா ஓடுதா, வார் தைச்ச இடத்துல நூல் விட்டிருக்கான்னு பாருங்க. பக்கிள் உடைஞ்சிருந்தா பரவால்ல, புதுசு வாங்கி மாட்டிக்கலாம்.

கேள்வி: பேக்குல இருக்குற சாமான் மழையில நனையாம இருக்க ரெயின் கவர் வாங்குனா போதும்தானே?
– வாசகி, தாப்பா

பதில்: போதாது. மழை முதுகு வழியா ஓடி வார் பக்கமா உள்ள இறங்கும், அங்க கவர் மூடாது, முள்ளுல சிக்குனா கிழியும் வேற. கெட்டியான கறுப்பு குப்பைப் பையை பேக்குக்கு உள்ள விரிச்சு ஸ்லீப்பிங் பேக்கையும் மாத்துத் துணியையும் அதுக்குள்ள போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்க. ஒண்ணை ஸ்பேரா வச்சுக்குங்க, இறங்குறப்ப சேத்துத் துணியைப் போட ஆகும்.