குளத்தில் கோழிக்கழிவு: தீர்மானம் செல்லுமா?

கேள்வி: ராத்திரி நேரத்தில் லாரியில் வந்து எங்கள் ஊர்க் குளத்தில் கோழிக்கழிவைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். காலையில் குளிக்கப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்புகிறார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு, கடந்த கிராமசபையில் 'சுத்தமான தண்ணீரும் காற்றும் எங்கள் உரிமை' என்று தீர்மானம் போட்டோம். 'இதை வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது' என்று அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். பக்கத்துப் பேரூராட்சிக்காரர்களும் எங்களைப் பார்த்து இதே மாதிரி தீர்மானம் போடப்போகிறார்கள். இது செல்லாதா சார்?
- வாசகர், கல்குளம் வட்டம்

பதில்: சிரித்தவர் சொன்னது பாதி சரி. ஆனால் அந்த உரிமையை நீங்கள் புதிதாக உண்டாக்கவில்லையே, அது ஏற்கெனவே இருக்கிறது. மாசில்லாத தண்ணீரும் காற்றும் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று 1991-ல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது (வழக்குப் போட்டவர் தோற்றுப்போனார், அது வேறு கதை). 2022 ஜூலையில் ஐ.நா. பொதுச்சபையிலும் 161 நாடுகள் இதே உரிமைக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டன. சரி, ஐ.நா. வந்து உங்கள் குளத்தில் மிதக்கிற கோழிக்குடலை அள்ளப்போவதில்லை.

2013-ல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் 12 கிராமசபைகள் 'வேண்டாம்' என்று சொல்லியே பாக்சைட் சுரங்கத்தை நிறுத்தின என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நிஜம்தான். ஆனால் அவர்கள் கையில் 2006-ன் வன உரிமைச் சட்டம் இருந்தது, உங்கள் குளத்துக்கு அது பொருந்தாது. உங்கள் தீர்மானத்துக்குத் தடை உத்தரவின் பலம் கிடையாது, அது ஒரு சாட்சி. சாட்சி எழுதுகிற மாதிரி அதை எழுத வேண்டும்.

அதனால் அடுத்த கிராமசபையில் திருத்திப் போடுங்கள். உரிமை பற்றி ஒரு வரி போதும், மீதியெல்லாம் விவரம்: குளத்தின் சர்வே எண், எந்தத் தேதியிலிருந்து கொட்டுகிறார்கள், வண்டி எண், யார் என்ன நடவடிக்கை எடுக்க வேண்டும். குளம் பஞ்சாயத்துடையதா, நீர்வளத்துறையுடையதா என்று வி.ஏ.ஓ.விடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு அலுவலகமும் உங்கள் மனுவை மாறி மாறிப் பந்தாடும். தீர்மான நகலை வாங்கி, படங்களோடு கலெக்டருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அப்புறம், லாரியை மறிக்க யாரும் தனியாகப் போக வேண்டாம், எண் தெரிகிற மாதிரி ஒரு படம் போதும்.

அதற்கும் அசையவில்லை என்றால் சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் (சுற்றுச்சூழல் வழக்குகளை மட்டும் விசாரிக்கிற அமைப்பு) தென்மண்டல அமர்வு இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் பிரச்சினை முதலில் தொடங்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். பலர் மனுமேல் மனு எழுதியே இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

பக்கத்து ஊர்க்காரர்களிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். பேரூராட்சியில் கிராமசபை கிடையாது. நம் குமரி மாவட்டத்தில் பேரூராட்சிகள்தான் எக்கச்சக்கம், இந்தக் குழப்பமும் அடிக்கடி வருகிறது. அவர்கள் வார்டு உறுப்பினரைப் பிடித்து மன்றக் கூட்டத்தில்தான் தீர்மானம் கொண்டுவர வேண்டும்.