கம்பைல்_டெஸ்ட் சேர்த்ததும் எஸ்390-இல் பில்ட் உடைவது ஏன்?

கேள்வி இதுதான்: ஒரு போர்டுக்கான லினக்ஸ் டிரைவரில் கம்பைல்_டெஸ்ட் (போர்டு இல்லாமலே டிரைவரைப் பில்ட் செய்து பார்க்க விடும் கெர்னல் ஆப்ஷன்) சேர்த்ததும் எக்ஸ்86-இல் பில்ட் ஆகிறது, ஐபிஎம் மெயின்ஃப்ரேமான எஸ்390-இல் மட்டும் இன்பி, அவுட்பி (ஐஓ போர்ட்டில் ஒரு பைட் படிக்கும், எழுதும் ஃபங்ஷன்கள்) இல்லை என்று பிழை வருகிறது.

2013-இல் 3.11 பதிப்போடு வந்த கம்பைல்_டெஸ்ட், "இந்த போர்டு வேண்டும்" என்ற நிபந்தனையை மட்டும்தான் தளர்த்துகிறது. டிரைவர் கூப்பிடும் ஃபங்ஷன் கெர்னலில் இருக்கவேண்டும் என்பது அப்படியே நிற்கிறது. எஸ்390 மெயின்ஃப்ரேமில் ஐஓ போர்ட்டே (சாதனங்களோடு பேசும் தனி முகவரிகள்) கிடையாது. அதனால் அங்கே 'ஐஓ போர்ட் உண்டு' என்று சொல்லும் ஹேஸ்_ஐஓபோர்ட் ஆப்ஷன் அணைந்தே இருக்கும்.

எது எப்போது பில்ட் ஆகவேண்டும் என்று சொல்லும் கேகான்ஃபிக் ஃபைலில் உங்கள் 'டிபெண்ட்ஸ் ஆன்' (நிபந்தனை) வரியைப் பாருங்கள். 'போர்டு && ஹேஸ்_ஐஓபோர்ட் || கம்பைல்_டெஸ்ட்' என்று எழுதியிருப்பீர்கள் (&& என்றால் 'மற்றும்', || என்றால் 'அல்லது'). && முதலில் சேர்ந்துகொள்ளும். அப்புறம் கம்பைல்_டெஸ்ட் மட்டும் இருந்தாலே நிபந்தனை நிறைவேறிவிடும், ஹேஸ்_ஐஓபோர்ட்டை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு 'டிபெண்ட்ஸ் ஆன்' வரிகளாகப் பிரியுங்கள்: ஒன்றில் 'போர்டு || கம்பைல்_டெஸ்ட்', மற்றதில் ஹேஸ்_ஐஓபோர்ட் மட்டும். இரண்டும் சேர்ந்து உண்மையானால்தான் டிரைவர் பில்டுக்கு வரும். எஸ்390-இல் வராது, அதுவே சரி.

ஒரு வசதி இல்லாமலும் டிரைவர் ஓடும் என்றால் கதை வேறு. அங்கே ஹெடரில் 'ஸ்டேடிக் இன்லைன்' ஸ்டப் (வசதி இல்லாதபோது அதன் இடத்தில் நிற்கும் வெற்று ஃபங்ஷன்) வைப்பதே நல்லது, டிரைவர் முழுக்க #இஃப்டெஃப் (ஆப்ஷன் இருந்தால் மட்டும் கோடைச் சேர்க்கும் வரி) தூவ வேண்டாம். உதாரணமாக, சிப்பின் பின்களைக் கையாளும் கெர்னல் பகுதியான ஜிபிஐஓலிப் இல்லாதபோது, பின் இருந்தால் மட்டும் கேட்கும் ஜிபிஐஓடி_கெட்_ஆப்ஷனல் நல் (வெற்று பாயிண்டர்) தருகிறது, பின் கட்டாயம் வேண்டும் என்று கேட்கும் ஜிபிஐஓடி_கெட் பிழை எண் தருகிறது. கட்டாயமா, விருப்பமா என்ற வித்தியாசம் ஸ்டப்பிலும் காப்பாற்றப்பட்டிருக்கிறது பாருங்கள். கட்டாயமான வசதிக்கு 0 (வெற்றி என்று பொருள்) திருப்பும் ஸ்டப்பை மட்டும் எழுதிவிடாதீர்கள், பில்ட் பாஸ் ஆகும், சாதனம் வேலை செய்யாது.