மீட்டர் சொன்னது 16 நொடி, ஃபிலிம் கேட்டது 53

கேள்வி: எஸ்எஃப்எக்ஸ் 200 கறுப்பு-வெள்ளை ஃபிலிமில், அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் ஆர்72 ஃபில்ட்டர் போட்டு, காலை வெளிச்சத்தில் ட்ரைபாடில் வைத்து எடுக்கிறேன். நெகட்டிவ் எல்லாம் வெறும் கண்ணாடி மாதிரி வருகிறது. ஃபில்ட்டருக்கான கணக்கைச் சரியாகத்தான் போடுகிறேன். இன்னும் எவ்வளவு நேரம் கூட்ட வேண்டும்?

ஃபில்ட்டர் கணக்கில் தப்பு இருக்காது. அதற்கு அடுத்த கணக்கை விட்டிருப்பீர்கள். எனக்கு இது புரிவதற்குள் மூன்று ரோல் போனது.

மார்கழிக் காலை, திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறை. சூரியன் அப்போதுதான் மேலே வந்திருந்தது. ஃபில்ட்டர் இல்லாமல் மீட்டர் பார்த்தால் எஃப் 22 என்ற சிறிய லென்ஸ் திறப்புக்கு அரை நொடி. ஆர்72-க்கு நான் ஐந்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு) வைக்கிறேன், அதாவது 32 மடங்கு. ஆக 16 நொடி. மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணி மூடினேன். வீட்டில் டெவலப் பண்ணி டேங்கைத் திறந்து பார்த்தால், ஆற்றுக்கு அப்பால் இருந்த தென்னந்தோப்பு மட்டும் சாம்பல் கோடாகத் தெரிந்தது. படித்துறை, மண்டபத் தூண், படியில் உட்கார்ந்திருந்த பெரியவர் எதுவும் இல்லை. அடுத்த தடவை, சரி, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று 32 நொடி கொடுத்தேன். அப்போதும் பாதிதான் வந்தது.

விஷயம் ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர். வெளிச்சம் பாதியானால் நேரத்தை இரட்டிப்பாக்கு என்ற விதி ஒரு நொடிக்குள் ஒழுங்காக நடக்கும். அதைத் தாண்டினால் ஃபிலிம் மந்தமாகிவிடும். நம் ஊர்க்காரருக்குக் கடைமடையைச் சொன்னாலே போதும். மேட்டூரிலிருந்து ஒரே அளவுத் தண்ணீரை இரண்டு விதமாக விடலாம். நாலு நாள் முழு வேகத்தில் விட்டால் கடைமடை வயல் நனையும். அதையே நாற்பது நாள் சிறுகச் சிறுக விட்டால் காய்ந்த வாய்க்கால் மண்ணே குடித்துவிடும், கடைசி வயலுக்கு ஒரு சொட்டு வராது. ஃபிலிமிலும் அதேதான். சில்வர் ஹாலைடு படிகத்தில் ஒரு ஒளித்துகள் விழுந்தால் ஒரு வெள்ளி அணு உருவாகும். அந்த ஒற்றை அணு அதிக நேரம் நிலைக்காது. அது கலைவதற்குள் அடுத்தது வந்து சேர்ந்து, இப்படி மூன்று நாலு சேர்ந்தால்தான் டெவலப்பருக்கு அந்தப் படிகம் கண்ணில் படும். வெளிச்சம் மெலிந்தால் முதல் அணு காத்திருந்து கலைந்துபோகும்.

எஸ்எஃப்எக்ஸுக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், அது முழு அகச்சிவப்பு ஃபிலிமே இல்லை. அதன் பார்வை 740 நானோமீட்டர் வரைதான். ஆர்72 ஃபில்ட்டரோ 720-ஐ ஒட்டித்தான் திறக்கிறது. இரண்டுக்கும் நடுவே மிஞ்சும் ஒரு கீற்று வெளிச்சத்தில்தான் நாம் படம் எடுக்கிறோம்.

இப்போது கணக்கு. மீட்டர் நேரத்தை 1.43 அடுக்குக்கு உயர்த்துங்கள் என்கிறது இந்த ஃபிலிமைத் தயாரிக்கும் இல்ஃபோர்ட். (அவர்களுடைய மற்ற ஃபிலிம்களில் ஹெச்பி5-க்கு 1.31, எஃப்பி4-க்கு 1.26. எஸ்எஃப்எக்ஸ் எவ்வளவு சோம்பேறி என்று இதிலேயே தெரியும்.) மொபைலைக் குறுக்கே திருப்பினால் கால்குலேட்டரில் அடுக்குப் பொத்தான் வரும். 2 நொடி 2.7 ஆகும், 5 நொடி 10 ஆகும், 10 நொடி 27, 30 நொடி 130. ஒரு நிமிடம் என்று வந்தால் கிட்டத்தட்ட ஆறு நிமிடம். என்னுடைய 16 நொடிக்கு 53. நேரத்தை ஒரு அடுக்குக்கு உயர்த்திப் பார்க்கும் இந்தச் சிந்தனையே பழசு. நட்சத்திரங்களைத் தகட்டில் பிடித்துக்கொண்டிருந்த கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு 1900-இல் வெளியிட்டது. பின்னாளில் கருந்துளைக் கணக்கால் பெயர் பெற்றாரே, அவரேதான். ஒரு நொடிக்குக் கீழே மட்டும் இந்த அடுக்கைப் போடாதீர்கள். அரை நொடியைப் போட்டால் 0.37 என்று குறைத்துக் காட்டும், அதை நம்பினால் கதை கெட்டது.

முக்கியமாக வரிசை. முதலில் ஃபில்ட்டரின் 32 மடங்கு, அப்புறம்தான் அடுக்கு. நான் முதலில் செய்த கூத்து, மீட்டர் காட்டிய அரை நொடிக்குத் திருத்தம் வேண்டாம் என்று முடிவு செய்து அதை 32-ஆல் பெருக்கியது. மீட்டர் 4 நொடி காட்டும் இடத்தில் இதே தப்பைச் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 4 நொடியைத் திருத்தி 7.3, அதை 32-ஆல் பெருக்கினால் சுமார் 4 நிமிடம். சரியான வழியில் 4-ஐ 32-ஆல் பெருக்கி 128 நொடி, அதைத் திருத்தினால் 17 நிமிடம்! ஃபிலிம் பார்க்கப்போகும் வெளிச்சத்துக்குத்தான் திருத்தம், உங்கள் கண் பார்க்கும் வெளிச்சத்துக்கு இல்லை. மேலே வெளிச்சத்தைக் குறைக்கும் ஆறு ஸ்டாப் என்டி ஃபில்ட்டர் வேறு போட்டால் என் படித்துறைப் படத்துக்கு ஐந்தரை மணி நேரம் வரும். அதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிடும், படியில் இருந்த பெரியவரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்துவிடுவார்.

ஒரே காட்சியை நேரத்தைக் கூட்டிக் குறைத்துப் பல தடவை எடுக்கும் பிராக்கெட்டிங்கிலும் இதே வில்லங்கம். ஒரு ஸ்டாப் கூட வேண்டுமென்றால் 53-ஐ இரட்டிப்பாக்கி 106 கொடுப்பது போதாது. திருத்துவதற்கு முந்தைய 16-ஐ இரட்டிப்பாக்கி, அந்த 32-க்கு அடுக்குப் போட வேண்டும். 142 நொடி வரும். பிராக்கெட் பண்ணாமல் இருக்கவும் முடியாது, ஏனென்றால் மீட்டருக்கு அகச்சிவப்பு தெரியாது. ஐந்து ஸ்டாப் என்பதே நேர் வெயிலுக்கு உத்தேசம்தான். நீலவானம் மட்டும் வெளிச்சம் தரும் நிழலில் அகச்சிவப்பு குறைவு, அங்கே இன்னும் ஒரு ஸ்டாப் தள்ளிக் கொடுப்பேன். ஃபில்ட்டர் வழியாகவே மீட்டர் பார்ப்பதை நான் நம்புவதில்லை.

இன்னொன்று, திருத்தம் கொடுத்தாலும் காண்ட்ராஸ்ட் ஏறும். தென்னை ஓலையும் நாற்றும் அகச்சிவப்பை அப்படியே திருப்பி அடிப்பதால் அவை சீக்கிரம் வெள்ளையாகிவிடும். மண்டபத்து உள்நிழல்தான் வெளிச்சம் போதாமல் பின்தங்கும். அதனால் நிழலுக்குத் தக்கபடி நேரத்தைக் கொடுத்துவிட்டு டெவலப் நேரத்தைப் பத்து, பதினைந்து சதவீதம் குறைக்கிறேன். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் சித்திரையில் 30 டிகிரிக்குக் குறையாது. பெரிய தட்டில் ஐஸ் கட்டியைப் போட்டு டெவலப்பரை 20-க்குக் கொண்டுவராமல், சதவீதம் குறைத்தேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

நெட்டில் கிடைக்கும் பழைய அட்டவணைகளில் பாதி, கோடாக் ஹெச்ஐஇ என்ற அகச்சிவப்பு ஃபிலிமுக்கானவை. அந்த ஃபிலிம் 2007-லேயே நின்றுவிட்டது. ரோலை இன்ஃப்ராரெட் 400 வைத்திருந்தாலும் 1.43-ஐ அதற்குத் தூக்கிப் போடாதீர்கள், அதற்குரிய தாளைப் பாருங்கள்.

இவ்வளவு கணக்குக்கும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. எஃப் 22-ஐ விட்டு, லென்ஸை அகலத் திறந்து எஃப் 11-க்கு வாருங்கள். 16 நொடி 4 ஆகும், திருத்தினால் 7. ஐம்பத்து மூன்று எங்கே, ஏழு எங்கே! லென்ஸில் அகச்சிவப்புக்கென்று உள்ள சிவப்புப் புள்ளிக்கு ஃபோகஸைத் தள்ளி வைக்க மட்டும் மறக்கக் கூடாது, எஃப் 22 மூடி மறைத்த தப்பை எஃப் 11 காட்டிக்கொடுத்துவிடும். ஓடும் ஆறு பாலாக வழிய வேண்டும் என்றால்தான் நான் இப்போது 53-க்குப் போகிறேன். அதுவும் ஆடியில் போவதில்லை. அந்தக் காற்றில் ஒரு நிமிடம் திறந்து வைத்தால் தென்னந்தோப்பு முழுக்க வெள்ளைப் புகையாகத்தான் வரும்.