நாக்கு மரத்துப்போனால் எந்த நரம்பு? கேள்வி பதில்

புதுச்சேரியில் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் நடத்துகிறேன். நாக்கின் உணர்ச்சி பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கீழ்க் கடைவாய்ப்பல் பிடுங்க ஊசி போட்டார்கள். பாதி நாக்கும் ஏன் மரத்தது? (முதலியார்பேட்டை வாசகர்)

அந்தப் பல்லின் நரம்புக்குப் பக்கத்திலேயே லிங்குவல் நரம்பும் ஓடுகிறது. இரண்டுமே ஐந்தாம் கபால நரம்பான (மூளையிலிருந்து நேராகப் புறப்படும் நரம்புகளில் ஐந்தாவது) ட்ரைஜெமினலின் கீழ்த்தாடைக் கிளையில் பிரிபவை. மருந்து இரண்டையும் பிடித்துவிடும். நாக்கின் முன்பக்க மூன்றில் இரண்டு பங்குக்குத் தொடுகை, சூடு, வலி எல்லாம் லிங்குவல் வழியாகத்தான். சில மணி நேரத்தில் சரியாகிவிடும். அதுவரை சூடான காபி வேண்டாம், நாக்கு வெந்தாலும் தெரியாது. மறுநாளும் மரத்தே இருந்தால் பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு முகவாதம். நாக்கின் ஒரு பக்கத்தில் உப்பு தெரியவில்லை, ஆனால் சுடுவது தெரிகிறது என்கிறார். எப்படி? (கடலூர் முதுநகர்)

அம்மா நன்றாகக் கவனித்திருக்கிறார். முகவாதத்தில் பாதிக்கப்படுவது ஏழாம் நரம்பான முக நரம்பு; நாக்கின் முன்பகுதியின் சுவையும் அதன் வேலைதான். அதன் மெல்லிய கிளை கார்டா டிம்பனி. இது நடுக்காதுக்குள் நுழைந்து, சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் இடையே போய், அப்புறம் கீழே இறங்கி லிங்குவலோடு சேர்ந்துகொள்கிறது. கடைசித் தூரம் ஒன்றாகப் போனாலும் புறப்பட்ட இடம் வேறு. அதனால்தான் சுவை போயும் சூடு தெரிகிறது. காது ஆபரேஷனுக்குப் பின் சிலருக்கு நாக்கில் உலோக ருசி அடிப்பதும் இந்தக் கிளை சீண்டப்படுவதால்தான்.

படிக்கும் எல்லோருக்கும் ஒன்று: முகம் திடீரெனக் கோணினால் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். பக்கவாதமாகவும் இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முகவாதமே என்றாலும் முதல் 3 நாளுக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது.

நாக்கின் பின்னால் 'வி' வடிவில் இருக்கும் பெரிய சுவைக் காம்புகள் (சுவை மொட்டுகள் உள்ள புடைப்புகள்), நாக்கின் முன்பகுதியையும் பின்பகுதியையும் பிரிக்கும் எல்லைக்கோட்டுக்கு முன்னால்தானே இருக்கின்றன? ஏழாம் நரம்பு என்று எழுதலாமா? (மாணவி, காலாப்பட்டு)

கூடாதும்மா. அந்த 8 முதல் 12 காம்புகளுக்கு ஒன்பதாம் நரம்பான கிளாசோஃபெரிஞ்சியல்தான் கோட்டைத் தாண்டி வருகிறது. பின்பக்க மூன்றில் ஒரு பங்குக்குத் தொடுகை, சுவை இரண்டுமே அதுதான். கருவின் தொண்டைப் பகுதியில் வரிசையாகத் தோன்றும் வளைவுகளில், நாக்கின் முன்பகுதிச் சவ்வு முதல் வளைவிலும், பின்பகுதி மூன்றாம் வளைவிலும் உருவாவதால் வந்த பாகப்பிரிவினை இது. குரல்வளை மூடியை ஒட்டிய அடிநாக்கு மட்டும் பத்தாம் நரம்பான வேகஸுக்கு. பன்னிரண்டாம் நரம்பு நாக்கை அசைப்பதற்கு, உணர்ச்சிக் கேள்வியில் அதை எழுதிவிடாதே.

காரம் நாக்கின் எந்த இடத்தில் தெரியும்? (நெல்லிக்குப்பம்)

எங்கும் தெரியும். இனிப்புக்கு நுனி, கசப்புக்கு அடி என்று பிரித்துக் காட்டும் பழைய படமும் தவறு. அறுசுவையில் கார்ப்பைச் சேர்த்திருக்கிறோம், ஆனால் மிளகாயின் எரிச்சல் சுவை மொட்டு வழியாக வருவதில்லை. சூட்டை உணரும் நரம்பு முனைகளைத்தான் அது தூண்டுகிறது. முன்நாக்கில் அது ஐந்தாம் நரம்பின் வேலை. மிளகாய் நறுக்கிய கை பட்டால் கண் எரிகிறதே, அங்கே சுவை மொட்டு ஏது? அதுவும் ஐந்தாம் நரம்புதான்.